டிவி டிஷ் கம்பெனி வயர்லெஸ் இன்டர்நெட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க் போன்ற சாட்டிலைட் டிவி கம்பெனிகள் அதிவேக வயர்லெஸ் இன்டர்நெட்டில் இறங்கப் பல வருடம் முயன்றன. கூரைமேல் ஏற்கெனவே ஆண்டெனா நிற்கிறது, ஒரு கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், பணமும் இருந்தது. பிறகு ஏன் கைகூடவில்லை?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். டிவிக்காக மாட்டிய டிஷ் ஆண்டெனாவை வைத்து இன்டர்நெட் தர முடியாது. அது வாங்க மட்டும் தெரிந்த கருவி. சாட்டிலைட் டிவி கம்பெனியிடம் இன்டர்நெட் தொழிலுக்கு உதவக்கூடியதாக இருந்தவை வேறு: கூரையில் ஏறி ஆண்டெனா கட்டத் தெரிந்த ஆயிரக்கணக்கான டெக்னீஷியன்கள், அவர்களை நாடெங்கும் அனுப்பும் ஏற்பாடு, மாதாமாதம் பில் வசூலிக்கும் ஏற்பாடு. இவற்றுக்குப் பொருத்தமான இன்டர்நெட் தொழில் ஒன்று இருக்கவே செய்தது. டிஷ் நெட்வொர்க் அதன் வாசல்வரை போய்த் திரும்பியது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

டிஷ் ஆண்டெனாவிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் டிவி சிக்னல் 12.2 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் கீழே வருகிறது. சுமார் 45 செ.மீ. தட்டு அதைக் குவித்து முனையில் உள்ள எல்.என்.பி. என்ற சிறு சிக்னல் மாற்றிக்குத் தருகிறது. எல்.என்.பி. அதை 950 முதல் 1450 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, கோஆக்ஸியல் கேபிள் வழியே செட்டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. அந்தக் கேபிளில் மேலே போவது மின்சாரமும், எந்த வகை அலையை வாங்குவது என்பதை (போலரைசேஷனை) 13 வோல்ட்டா 18 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்கும் கட்டளையும்தான். வீட்டிலிருந்து வானத்துக்கு எதையும் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் அதில் கிடையாது.

டிரான்ஸ்மிட்டரைச் சேர்த்துவிட்டால் போதாதா? போதாது, குறிபார்க்கும் துல்லியம் மாறிவிடுகிறது. 12 கிகாஹெர்ட்ஸில் 45 செ.மீ. தட்டின் பார்வை சுமார் 4 டிகிரி அகலம். ஒரு டிகிரி தள்ளி மாட்டினாலும் படம் வந்துவிடும், மழை நாளில்தான் குறை தெரியும். இன்டர்நெட் சாட்டிலைட்டுகள் பயன்படுத்தும் கேஏ பட்டையில் அப்லோடு 30 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நடக்கிறது. அங்கே முக்கால் மீட்டர் தட்டின் பார்வை சுமார் 1 டிகிரிதான். டிவிக்குச் சரியாக இருந்த அதே ஒரு டிகிரிப் பிசகு அப்லோடை அடியோடு சாய்த்துவிடும். அதனால் தட்டு, கம்பம், போல்ட் எல்லாமே வேறாக வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை கணக்கில் இருக்கிறது. ஒரு சுற்றுப்பாதை இடத்தில், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 32 டிரான்ஸ்பாண்டர்கள், ஒவ்வொன்றும் 24 மெகாஹெர்ட்ஸ். ஒன்றில் சுமார் 41 எம்பிபிஎஸ் போகும். 32-ஐயும் கூட்டினால் 1.3 ஜிபிபிஎஸ். டிவிக்கு இது தாராளம், ஏனென்றால் ஒரே சேனல் 14 பேருக்குப் போனாலும் 1.4 கோடிப் பேருக்குப் போனாலும் சாட்டிலைட்டுக்கு ஒரே வேலை. இன்டர்நெட்டில் ஒவ்வொரு வீடும் தனக்கென்று தனியாகக் கேட்கிறது. எச்டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 1.3 ஜிபிபிஎஸ்ஸில் ஒரே நேரத்தில் 260 வீடுகள் பார்க்கலாம். இதுபோல நாலைந்து இடங்கள் கைவசம் இருந்தாலும் ஆயிரத்துச் சொச்சம் வீடுகள். ஒரு சின்ன ஊருக்கே காணாது.

இந்தத் தடையை ஓரளவு தாண்டியவை ஸ்பாட் பீம் சாட்டிலைட்டுகள். நாடு முழுவதற்கும் ஒரே பீம் விரிக்காமல் பல சின்ன பீம்களாகப் பிரித்து, அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இந்த முறை. 2011 அக்டோபரில் ஏவிய வியாசாட்-1 இந்த வழியில் 140 ஜிபிபிஎஸ் கொள்ளளவு எட்டியது. 2012 ஜூலையில் எக்கோஸ்டார் XVII ஏறியது, 100 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல். இந்த இரண்டின் கொள்ளளவை வைத்து 2012-இல் டிஷ் நெட்வொர்க் 'டிஷ்நெட்' என்ற பெயரில் இன்டர்நெட் விற்றது: 10 எம்பிபிஎஸ் வரை வேகம், டிவியோடு சேர்த்து எடுத்தால் மாதம் 39.99 டாலரிலிருந்து. ஆனால் மாத டேட்டா வரம்பு உண்டு. தாமதமும் குறையவில்லை, அது குறையவும் குறையாது. சாட்டிலைட் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. கேட்பதும் பதில் வருவதுமாக ஒளி நான்கு தடவை அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். அதற்கு மட்டும் 480 மில்லிசெகண்டு, நடைமுறையில் 600-ஐத் தாண்டும். வீடியோ காலும் ஆன்லைன் விளையாட்டும் இதில் எடுபடாது. கேபிளோ டிஎஸ்எல்லோ இல்லாத கிராமத்துக்கு இது பரவாயில்லை, நகரத்தில் போட்டி போட இது உதவாது.

ஆகவே நல்ல இன்டர்நெட் வேண்டுமென்றால் தரையில் உள்ள டவரிலிருந்துதான் தர வேண்டும். இங்கேதான் கூரை உண்மையாகவே பயன்படுகிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் கையில் இருக்கும் போனையும் கூரையில் கட்டிய ஆண்டெனாவையும் 2.5 கிகாஹெர்ட்ஸில் ஒப்பிடுங்கள். சுவரும் கண்ணாடியும் சிக்னலில் 10 முதல் 20 டெசிபல் வரை, அதாவது பத்து முதல் நூறு மடங்கு வரை, விழுங்கிவிடும். கூரை ஆண்டெனாவுக்கு அந்த இழப்பே இல்லை. போனுக்குள் இருக்கும் ஆண்டெனாவுக்குத் திசை கிடையாது. டவரை நோக்கித் திருப்பிய பேனல் ஆண்டெனா இன்னொரு 10 முதல் 15 டெசிபல் கூட்டித் தரும். உயரத்தால் கிடைப்பது தனி. எல்லாம் சேர்ந்து 25, 30 டெசிபல் வந்துவிடும். 30 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு சக்தி. அதே டவர், அதே அலைக்கற்றை. போனில் 2, 3 எம்பிபிஎஸ்ஸுக்குத் திணறும் இடத்தில் கூரையில் 30, 40 எம்பிபிஎஸ் நிற்கும்.

டிஷ் நெட்வொர்க் இதைச் செய்தும் பார்த்தது. 2013-இல் வர்ஜீனியாவின் மலைப்பக்கக் கிராமங்களில், என்டெலோஸ் என்ற வட்டார மொபைல் கம்பெனியோடு சேர்ந்து, 2.5 கிகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) வைத்துச் சோதனை நடத்தியது. ஆண்டெனாவோடு சேர்ந்த வெளிப்புற ரவுட்டரைக் கூரையில் கட்டியவர்கள் டிவி ஆண்டெனா கட்டிய அதே டெக்னீஷியன்கள். 20 முதல் 50 எம்பிபிஎஸ் வரை வேகம் வந்ததாக அறிவித்தார்கள். அதற்கும் முன்பே, 2011 டிசம்பரில், பிரேசிலின் சாட்டிலைட் டிவி கம்பெனியான ஸ்கை, பிரேசிலியா நகரில் டிடி-எல்டிஇ என்ற 4ஜி முறையில் வீட்டு இன்டர்நெட் தொடங்கியிருந்தது.

டிவி டெக்னீஷியன் இந்த வேலைக்கு மாறும்போது எங்கெல்லாம் தவறு நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் டிவி தட்டு தெற்கு வானத்தைப் பார்க்கும். டவர் வடக்கே இருக்கலாம். பழைய கம்பத்திலேயே மாட்டினால் கூரையின் முகடே குறுக்கே நிற்கும். அடுத்தது கேபிள். டிவிக்குப் போட்ட ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம், எல்டிஇ கருவிகளின் ஆண்டெனா இணைப்பு 50 ஓம், இரண்டும் பொருந்தாது. 2.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை நீளமான ஆர்ஜி-6 வழியே இறக்கினால் கூரையில் சம்பாதித்த டெசிபல்களில் பெரும்பங்கு கேபிளிலேயே கரைந்துவிடும். மோடத்தை ஆண்டெனாவோடு மேலேயே வைத்து, ஈதர்நெட் கேபிள் ஒன்றிலேயே டேட்டாவையும் மின்சாரத்தையும் கொண்டுபோவதுதான் சரியான முறை. 100 மீட்டர் வரை இழப்பு பற்றிய கவலை இல்லை. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும். இடிதாங்கும் அரெஸ்டரும் எர்த்தும் கட்டாயம்.

குறிபார்ப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். டிவி ஆண்டெனாவில் சிக்னல் பட்டை எங்கே உச்சமோ அங்கே இறுக்கிவிடலாம். டவர் விஷயத்தில் அப்படியில்லை. ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம், எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடும் குறுக்கீட்டோடும் ஒப்பிட்ட தரம். இரண்டு டவர்களுக்கு நடுவில் உள்ள வீட்டில் ஆர்எஸ்ஆர்பி -80 காட்டும், எஸ்ஐஎன்ஆர் 3 டெசிபல்தான் இருக்கும், வேகம் வராது. கொஞ்சம் திருப்பி ஒரு டவரை முகட்டுக்குப் பின்னால் மறைத்தால் ஆர்எஸ்ஆர்பி -92-க்கு இறங்கி, எஸ்ஐஎன்ஆர் 18-க்கு ஏறும், வேகம் பல மடங்காகும். பலத்தைப் பார்க்காமல் தரத்தைப் பார்த்து இறுக்க வேண்டும். குளிர்காலத்தில் மாட்டிய இணைப்பு, வசந்தத்தில் இலை துளிர்த்ததும் மந்தமாவதும் வழக்கமான புகார். மரத்துக்கு மேலே தூக்குவதைத் தவிர அதற்கு மருந்து இல்லை.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் இன்னொரு கணக்கு மிச்சம் இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் டவுன்லோடு அலைக்கற்றை உள்ள ஒரு எல்டிஇ செக்டாரில் (டவர் பார்க்கும் ஒரு திசைப் பகுதியில்), கூரை ஆண்டெனாக்களோடு, சராசரியாக 70 எம்பிபிஎஸ் எடுக்கலாம். மாலை நெரிசல் நேரத்தில் வீட்டுக்குச் சராசரி 2.5 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் 28 வீடுகள். மூன்று செக்டார் சேர்ந்து டவருக்கு 84 வீடுகள். மாதம் 60 டாலர் கட்டணம் என்றால் டவருக்கு 5,000 டாலர் வரவு. டவர் வாடகை, ஃபைபர் இணைப்பு, மின்சாரம், பராமரிப்பு, ஆண்டெனா கட்டிய செலவு எல்லாம் அதிலிருந்தே வர வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் வைத்து இந்தத் தொழில் ஓடாது. 100 மெகாஹெர்ட்ஸும், ஒரே நேரத்தில் பல திசைகளில் தனித்தனிக் கற்றை அனுப்பும் மாஸிவ் மைமோ ஆண்டெனாக்களும் இருந்தால் ஓடும். அகலமான, ஒரே துண்டாக உள்ள, நடுத்தர அலைக்கற்றைதான் இதில் எல்லாம்.

இனி டிஷ் நெட்வொர்க் வாங்கியவற்றைப் பாருங்கள். 2006-இல் போட்டி சாட்டிலைட் டிவி கம்பெனியான டைரக்ட்டிவியும் டிஷ்ஷின் தாய்க் கம்பெனி எக்கோஸ்டாரும் கூட்டாக அலைக்கற்றை ஏலத்தில் நுழைந்து சீக்கிரமே விலகின. 2008-இல் 700 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் 71 கோடி டாலருக்கு 168 உரிமங்கள். அது 6 மெகாஹெர்ட்ஸ், அப்லோடுக்கான ஜோடி இல்லாதது, டவுன்லோடுக்கு மட்டும் ஆகும். ஏற்கெனவே திவாலாகியிருந்த டிபிஎஸ்டி, டெரஸ்டார் என்ற இரண்டு சாட்டிலைட் போன் கம்பெனிகளை 2011-இல் வாங்க ஒப்பந்தம் செய்ததில் 2 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. சாட்டிலைட்டுக்கென்று ஒதுக்கியிருந்த அதைத் தரையில் பயன்படுத்த தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2012 டிசம்பரில்தான் அனுமதித்தது. 2014-இல் ஹெச் பிளாக் என்ற அலைக்கற்றைத் துண்டின் ஏலத்தில் 156 கோடி டாலர். 2015-இல் முடிந்த ஏடபிள்யூஎஸ்-3 என்ற பட்டையின் ஏலத்தில், டிஷ் முதலீடு செய்த இரண்டு சிறு கம்பெனிகள் 1,330 கோடி டாலர் அளவுக்குக் கேட்டன. சிறு நிறுவனங்களுக்கான 330 கோடி டாலர் சலுகையை எஃப்சிசி மறுத்துவிட்டது. 2017-இல் 600 மெகாஹெர்ட்ஸுக்கு 620 கோடி. 2022 தொடக்கத்தில் முடிந்த 3.45 கிகாஹெர்ட்ஸ் ஏலத்தில் 730 கோடி.

தொகை பிரமாண்டம், ஆனால் துண்டு துண்டு. 5, 6, 10, 20 மெகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு உயரங்களில் சிதறியவை. அலைக்கற்றை கையில் இருந்தால் மட்டும் ஒன்றும் ஆகாது, அந்தப் பட்டையைப் புரிந்துகொள்ளும் சிப் போனுக்குள் இருக்க வேண்டும். டிஷ் தன் துண்டுகளைச் சேர்த்து பேண்ட் 70 என்ற புதுப் பட்டையை உருவாக்க வைத்தது. கீழிறங்க 1995 முதல் 2020 வரை, மேலேற 1695 முதல் 1710 மெகாஹெர்ட்ஸ் வரை. உலகில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. 2023-இல் வந்த ஐபோன் 15-இல்தான் முதல்முறையாக அந்தப் பட்டை ஐபோனுக்குள் வந்தது. அதுவரை நாட்டின் அதிகம் விற்கும் போனால் டிஷ்ஷின் முக்கியமான அலைக்கற்றையைத் தொட முடியவில்லை.

கைநழுவிய வாய்ப்பு 2013-இல் இருந்தது. கிளியர்வயர் என்ற கம்பெனியிடம் பெருநகரங்களில் 2.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது, மேலே சொன்ன கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. டிஷ் அதற்கு விலை பேசியது. மொபைல் கம்பெனியான ஸ்பிரின்ட்டையே முழுவதுமாக வாங்க 2,550 கோடி டாலர் தருவதாகவும் டிஷ் கேட்டது. ஸ்பிரின்ட்டை ஜப்பானின் சாஃப்ட்பேங்க் எடுத்துக்கொண்டது, கிளியர்வயர் ஸ்பிரின்ட்டுக்குப் போனது. 2020 ஏப்ரலில் ஸ்பிரின்ட் டி-மொபைலோடு இணைந்தது. அந்த 2.5 கிகாஹெர்ட்ஸை 5ஜிக்கு வைத்துக்கொண்டு டி-மொபைல் 2021 ஏப்ரலில் வீட்டு இன்டர்நெட்டை நாடு தழுவி விற்கத் தொடங்கியது. 2024 முடிவில் டி-மொபைல், வெரைசன் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 1.1 கோடி இணைப்புகள். சாட்டிலைட் டிவி கம்பெனிகள் செய்ய நினைத்த தொழிலை மொபைல் கம்பெனிகள் செய்துமுடித்தன. அவர்களுக்கு டவர்கள் போன் தொழிலுக்காக ஏற்கெனவே நின்றன. செக்டாரில் மிச்சம் கிடக்கும் கொள்ளளவை மட்டும் வீட்டுக்கு விற்றார்கள். டிஷ் டவரிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

டிஷ்ஷை இன்னொரு கட்டாயமும் இழுத்தது. டி-மொபைல், ஸ்பிரின்ட் இணைப்புக்கு அரசு சம்மதிக்க, நான்காவது மொபைல் கம்பெனியாக டிஷ் நிற்க வேண்டும் என்று 2019-இல் ஏற்பாடானது. ஸ்பிரின்ட்டின் பூஸ்ட் மொபைல் என்ற போன் சேவையை 140 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 ஜூன் 14-க்குள் மக்கள்தொகையில் 70 சதவீதத்தை 5ஜியால் எட்ட வேண்டும், 15,000 டவர் தளங்கள் அமைக்க வேண்டும், தவறினால் அபராதம், உரிம இழப்பு. டிஷ் கெடுவைக் காப்பாற்றியது. ஆனால் கெடு அளந்தது எத்தனை பேர் எல்லைக்குள் வருகிறார்கள் என்பதை, எத்தனை வீடுகளுக்கு எவ்வளவு கொள்ளளவு கிடைக்கும் என்பதை அல்ல. கூரை இன்டர்நெட்டுக்குத் தோதான கிராமப்புறத்தைத் தேர்ந்தெடுத்து ஆழமாகக் கட்ட இப்படிப்பட்ட கெடு இடம் கொடுக்காது. மக்கள் நெருக்கமாக உள்ள நகரங்களில் மெல்லியதாகப் பரப்ப வேண்டியதாயிற்று. அங்கே ஏற்கெனவே மூன்று பெரிய கம்பெனிகளும் கேபிளும் இருந்தன.

இதற்கிடையில் செலவுக்குப் பணம் தந்த டிவி தொழில் வருடா வருடம் வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்தது. கடன் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் டிஷ்ஷின் டிவி தொழிலை ஒரே ஒரு டாலருக்கும் அதன் கடன் சுமைக்கும் வாங்கிக்கொள்ள டைரக்ட்டிவி ஒப்புக்கொண்டது. கடன் பத்திரக்காரர்கள் தங்கள் தொகையைக் குறைத்துக்கொள்ள மறுத்ததால் நவம்பரில் அது முறிந்தது. 2025-இல் அலைக்கற்றையைச் சரியாகப் பயன்படுத்துகிறதா என்று எஃப்சிசி விசாரணை தொடங்கியது. ஆகஸ்டில் 3.45 கிகாஹெர்ட்ஸையும் 600 மெகாஹெர்ட்ஸையும் சுமார் 2,300 கோடி டாலருக்கு ஏடி அண்ட் டி-க்கும், செப்டம்பரில் 2 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும் ஹெச் பிளாக்கையும் 1,700 கோடி டாலருக்கு ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்பந்தங்கள் வந்தன. சாட்டிலைட்டிலிருந்து தரைக்கு இறக்கிய அதே அலைக்கற்றையை, போனோடு நேரடியாகப் பேசும் சாட்டிலைட்டுகளுக்காக ஸ்பேஸ்எக்ஸ் வாங்குகிறது. பூஸ்ட் மொபைல் வாடிக்கையாளர்களுக்கு இனி ஏடி அண்ட் டி டவர்கள். நிதியாகப் பார்த்தால் டிஷ் தோற்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் இன்டர்நெட் இணைப்பு கேட்டுக் காத்திருந்த கிராமத்து வீட்டுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தியாவில் டிடிஎச் கையில் வைத்துள்ள ஏர்டெல்லுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை, மொபைல் டவர் அதற்கு முதலிலேயே இருந்தது. 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் 5ஜி வழி வீட்டு இன்டர்நெட்டைத் தொடங்கியது. அடுத்த மாதமே ஜியோ ஏர்ஃபைபர் சென்னை உள்பட எட்டு நகரங்களில் வந்தது. ஜியோவுடையது மாடியில் ஒரு பெட்டியைக் கட்டும் அதே முறைதான்.

அப்படி ஒரு இணைப்பு எடுப்பதாக இருந்தால் டெக்னீஷியன் கிளம்புமுன் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். எஸ்ஐஎன்ஆர் எவ்வளவு காட்டுகிறது: 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 5-க்குக் கீழே என்றால் பெட்டியை வேறு மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாடியிலிருந்து வரும் கேபிள் வெயில் தாங்கும் வெளிப்புற ரகமா என்று பாருங்கள், வீட்டுக்குள் போடும் கேபிளின் உறை வெயிலில் வெடித்துத் தண்ணீர் இறங்கும். வேகச் சோதனையைப் பகல் 11 மணிக்கு அவர் காட்டுவதோடு விடாமல், இரவு 8 முதல் 10 மணிக்குள் நீங்களே நாலைந்து நாள் செய்து பாருங்கள். பகலில் 100 வந்து இரவில் 8 வந்தால் ஆண்டெனாவில் குறை இல்லை, செக்டார் நிரம்பிவிட்டது. அதை உங்கள் மாடியில் என்ன செய்தாலும் சரிசெய்ய முடியாது, பணம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்குள் வேறு வழி பாருங்கள்.